ஒரே வினாத்தாள் என்னும் வாதம்

வினாத்தாள் யாவர்க்கும் ஒன்றே, ஆதலால் மதிப்பெண்ணில் புலப்படுவது தகுதி ஒன்றே என்று வாதிக்கும் நண்பர், அவ்வினாத்தாளின்முன் வந்து அமரும்வரை ஒவ்வொரு மாணவரும் எவ்விதம் வாழ்ந்தார் என்பதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு இரவு ஷிப்ட் செல்லும் தாய்க்குப் பதிலாக உலை வைத்து, தம்பியை உறங்கச் செய்து, குழாயடியில் குடம் நிரப்பிய பின்னரே புத்தகத்தைத் தொடும் மூத்த மகளுக்கும், ஓராண்டு முழுவதையும் பயிற்சி மையத்திலேயே கழிக்கவல்ல செல்வக் குடும்பத்து மைந்தனுக்கும் காலம் சமமாகவா பங்கிடப்பட்டது? சுமை தூக்கும் தலித் தொழிலாளியின் புதல்வியான அரியலூர் மாவட்டத்து அனிதா, பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தும், நீட் நுழைவுத் தேர்வின் காரணமாக 2017-இல் மருத்துவக் கல்லூரியின் கதவு அவருக்குத் திறக்கவில்லை. அந்த அநீதியை நினைக்கையில் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவ இடங்களில் 2020-இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தவுடன், அதற்கு முன் விரல்விட்டு எண்ணத்தக்கவரே நுழைந்த எம்.பி.பி.எஸ். வகுப்புகளில் அவ்வாண்டே முந்நூறுக்கும் மேற்பட்டோர் இடம்பெற்றனர். தரம் தாழ்ந்தது என்பாராயின், அவர்களும் நீட் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களே என்பதை நண்பர் மறுக்க இயலாது.