வலி தீர்ப்பதும் பிள்ளையின் கடனே

பெற்றோரின் அபரக் கிரியைகளைக் குறைவின்றிச் செய்து, பதினாறாம் நாள் காரியத்திற்குக் கடன் வாங்கியேனும் ஊரைக் கூட்டி அன்னமிடும் நாம், அதே பெற்றோர் உயிரோடு கிடந்து புற்றுநோயின் வேதனையால் இரவெல்லாம் துடித்த காலத்தில் அதைத் தணிக்க என்ன செய்தோம் என்று கேட்டால், பெரும்பாலும் கர்மபலன் என்ற சொல்லையே விடையாகத் தருகிறோம்.

அந்த வேதனை பொறுத்தே தீரவேண்டிய விதி அன்று. அபினிலிருந்து எடுக்கப்படும் மார்ஃபின் என்னும் ஔஷதத்தை, வேளை தவறாமல், வாய்வழியாக, வலிக்குத் தக்க அளவில் கொடுத்துவந்தால் புற்றுநோயாளிகளில் மிகப் பலருக்கு வலி அடங்கும் என்பதை உலக சுகாதார நிறுவனம் 1986ஆம் ஆண்டிலேயே படிமுறை வகுத்து எடுத்துரைத்தது. மலச்சிக்கலும், தொடக்கத்தில் குமட்டலும் மயக்கமும் அதனால் உண்டாகலாம். அவற்றுக்குப் பரிகாரமும் உண்டு. அடிமையாகிவிடுவாரோ, சீக்கிரம் போய்விடுவாரோ என்று உறவினர் அஞ்சுவது இயல்பே எனினும், தேர்ந்த வைத்தியர் அளந்து கொடுக்கும் மருந்து அவ்விரு தீங்குகளையும் விளைவிப்பது அரிது.

அரசாங்க உரிமத்தின் பேரில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் அபின் பயிரிட்டுப் பிற நாடுகளுக்கும் அனுப்பிவந்த இத்தேசத்திலேயே, 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் விதித்த பலவகை உரிமங்களுக்கும் கடுந்தண்டனைக்கும் அஞ்சி, மருத்துவமனைகள் பலவும் மார்ஃபினை வாங்கி வைப்பதையே கைவிட்டன. அதைக் கையாளப் பயிலாமலே ஒரு தலைமுறை வைத்தியர்கள் உருவாகினர். அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் ஒரே அனுமதியில் அதை வாங்கலாம் என்று 2014இல் சட்டம் திருந்தியது, அச்சம் திருந்தவில்லை.

அச்சத்தை வெல்லும் வழியை அண்டை மாநிலம் காட்டியிருக்கிறது. கோழிக்கோட்டு மருத்துவக் கல்லூரியில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் என்னும் மருத்துவர்கள் 1993இல் தொடங்கிய சிறு முயற்சி, அயலாரே தொண்டர்களாகி நோயாளியின் வீடு தேடிச் செல்லும் இயக்கமாக வளர்ந்து, 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே மலர்ந்தது. தமிழ்நாட்டிலும் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி நிவாரணப் பராமரிப்புக்கு இடமுண்டு. ஆயினும் புண்ணைக் கழுவிக் கட்டும் செவிலியரோடு, ஒவ்வொரு வட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையிலும் மார்ஃபின் மாத்திரையும், அதை எழுதித் தரத் துணிந்த வைத்தியரும் இருந்தாலன்றி அவ்வேற்பாடு பூரணமாகாது.

குணமாகும் வழி யாதுமில்லை என்று தெரிந்த பின்னும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பெற்றோரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் குழாய்களுக்கிடையே கிடத்துவது பக்தியாகாது. அத்தகைய சிகிச்சை தமக்கு வேண்டாமென்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018இல் அங்கீகரித்து, 2023இல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியிருக்கிறது. ஆதலின் வாசகர்களே, பெற்றோர் தெளிவோடிருக்கும்போதே அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டறியுங்கள். நோய் முற்றியபின், எத்தனை நாள் தாங்கும் என்று வைத்தியரிடம் கேட்பதற்கு முன்னால், வலிக்கு என்ன மருந்து தருகிறீர்கள் என்று கேளுங்கள்.