டிக்கெட் மூடியாச்சு, கோளாறு அப்படியே!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்களா? வாழ்த்துகள்! கோளாறு என்று சர்வீஸ் சென்டருக்கு போன் செய்தால், முதலில் ஒரு 'டிக்கெட்' எண் கொடுப்பார்கள். பஸ் டிக்கெட் வாங்கினால் ஊர் போய்ச் சேரலாம். இந்த டிக்கெட் எங்கே கொண்டு போய்ச் சேர்க்கும்?

இதன் பின்னால் ஒரு சாஸ்திரமே இருக்கிறது. பெயர் 'ஐடிஐஎல்'. 1980களில் பிரிட்டன் அரசுத் துறை ஒன்று தொடங்கி வைத்தது. 2007ல் வந்த மூன்றாம் பதிப்பு, ஒரு சேவையின் ஆயுளை ஐந்து கட்டங்களாகப் பிரித்தது: திட்டமிடுதல், வடிவமைத்தல், நடைமுறைக்குக் கொண்டு வருதல், இயக்குதல், தொடர்ந்து மேம்படுத்துதல். சாப்ட்வேர் ஆட்கள் நாங்கள் இதைச் சுருக்கி 'ஐடில்' என்போம். பொருத்தமான பெயர்தான்!

எங்கள் பாலவனத்தம் பக்கம் வானம் பார்த்த பூமி. பெய்கிற நாலு மழையைக் கண்மாயில் பிடித்தால்தான் உண்டு. மடையில் கசிவு என்றால் மண்வெட்டியோடு ஓடுவார்கள். அதையே 'ஐடில்' முறையில் செய்தால்? முதலில் டிக்கெட். "மடையை ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தீர்களா சார்?" என்று கேட்பார்கள். அடைக்க வேண்டுமானால் மாற்றங்களுக்கான குழு ஒப்புதல் தர வேண்டும். குழு வியாழக்கிழமைதான் கூடும். அதற்குள் கண்மாய் வற்றியிருக்கும். "கசிவு நின்றது. டிக்கெட் மூடப்பட்டது" என்று எஸ்எம்எஸ் வரும்!

ஆனால் தப்பு அந்தச் சாஸ்திரத்தில் இல்லை என்பதே என் கருத்து. 'சம்பவம்' வேறு, 'பிரச்னை' வேறு என்று அது தெளிவாகவே சொல்கிறது. கம்ப்யூட்டர் திடீரென்று அணைவது சம்பவம். வீட்டில் வோல்டேஜ் ஏறி இறங்குவது அதற்குக் காரணமான பிரச்னை. கரண்டைக் கவனிக்காமல் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையை மட்டும் மாற்றினால், இந்த டிக்கெட் மூடும். அடுத்த மாதம் இன்னொன்று திறக்கும். எத்தனை டிக்கெட் மூடினோம் என்று மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும். செலவு உங்களுக்கு!

ஆகவே, "என்ன மாற்றினீர்கள்?" என்பதோடு "ஏன் கெட்டது?" என்றும் கேளுங்கள். பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே சரி என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. சேவைக்கு முடிவும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் முடித்துக்கொண்டது. பழைய கம்ப்யூட்டரை மலிவாகத் தருகிறார்கள் என்றால், உள்ளே இருப்பது எந்த விண்டோஸ் என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.