பரண்ல தூங்குது பாஸ்!

மேலூர், உசிலம்பட்டி வீடுகள்ல அண்ணன், அக்காவோட விலையில்லா லேப்டாப் பரண்ல தூங்குதா? இறக்குங்க பாஸ்! 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்து லேப்டாப்களில் விண்டோஸோடு 'பாஸ்' லினக்ஸும் வந்துச்சே, அது டெபியனை நம்ம தேவைக்கு மாற்றி சென்னை சி-டாக் செய்தது. முதல் பதிப்பு 2007. அதே வேலையை நீங்களும் பண்ணலாம். டெபியன் லைவ் ஐஎஸ்ஓவைப் பிரிச்சு, வேண்டாத டிரைவர்களைக் கழித்த கெர்னலை கம்பைல் பண்ணி உள்ளே போடுங்க. (வால்பேப்பரை மட்டும் மாத்திட்டு 'என் டிஸ்ட்ரோ'ன்னு அலட்டுறவங்களை விட்ருங்க.)

ஒரு இடத்துல உஷார். ஸ்குவாஷ் ஃபைலுக்குள் மாற்றினா மட்டும் போதாது. வெளியே 'லைவ்' ஃபோல்டரில் இருக்கிற கெர்னல், இனிட்ஆர்டி ரெண்டையும் மாத்தணும். இல்லேன்னா பூட் ஆவது பழைய கெர்னல்தான், ராத்திரி பூரா கம்பைல் பண்ணது சும்மா கிடக்கும். ஜூனியருக்கு காப்பி கொடுக்கிறீங்களா? ஜிபிஎல் படி, நீங்க கம்பைல் பண்ண கெர்னலோட முழு சோர்ஸும் அவங்களுக்குக் கிடைக்கிற மாதிரி செய்யணும்.