பூனைக்குட்டியும் புண்ணியக் கணக்கும்

நமது மக்களுக்குப் பூனையைக் கொல்லுவது மகா பாவம். ஏழு ஜென்மம் எடுத்தாலும் அந்தப் பாவம் தொலையாது என்று பாட்டி முதல் பேத்தி வரை சொல்லுவார்கள். ஆனால் வீட்டுப் பரண்மேல் பூனை நாலு குட்டி போட்டுவிட்டால், கண் திறந்தும் திறவாததுமாய் இருக்கின்ற அந்தக் குட்டிகளைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, பேசின் பிரிட்ஜ் ரயில் பாதையோரத்திலோ, பக்கிங்காம் கால்வாய்க் கரையிலோ, காசிமேட்டு மீன் துறைமுகத்திலோ விட்டுவிட்டு வருவதில் மாத்திரம் யாதொரு பாவமும் கிடையாதாம். ஏன் ஐயா என்று கேட்டால், "நாங்கள் கொல்லவில்லையே, விட்டுவிட்டுத்தானே வந்தோம்" என்பார்கள்.

இந்தப் பதிலில் உள்ள புரட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நாய் கடித்துக் குட்டி செத்தால் அது நாயின் பாவம். லாரிச் சக்கரம் ஏறினால் அது டிரைவரின் பாவம். பட்டினியால் செத்தால் அது குட்டியின் தலையெழுத்து. ஆகமொத்தம் கோணிப்பையைக் கட்டிய கைக்கு மாத்திரம் ஒரு பாவமும் ஒட்டாது. இப்படிப்பட்ட கணக்கை எந்த மளிகைக் கடைக்காரனாவது எழுதினால் அவனை நாம் மோசக்காரன் என்போம். மதத்தின் பேரால் எழுதினால் மாத்திரம் அதற்கு ஜீவகாருண்யம் என்று பெயர்!

விட்டு வந்த குட்டி என்ன ஆகின்றது?

பூனைக்குட்டி பிறந்து ஏழு முதல் பத்து நாட்கள் வரை கண் திறக்காது. முதல் மூன்று வாரம் வரையில் தாய் நக்கிக் கொடுக்காவிட்டால் அதனால் மலஜலம்கூடக் கழிக்க முடியாது. உடம்புச் சூட்டைக்கூடத் தானாகக் காத்துக்கொள்ளத் தெரியாது. நாலு வாரம் ஆன பிறகுதான் மெதுவாகத் தின்னப் பழகும். தாயை விட்டுப் பிரிக்கின்றதற்கு எட்டு வாரமாவது ஆக வேண்டும் என்பது கால்நடை டாக்டர்கள் சொல்லும் யோசனை. அதற்குள் அது தாயிடமும் கூடப் பிறந்த குட்டிகளிடமும் கடிக்காமல் விளையாடவும் சுத்தமாய் இருக்கவும் பழகிக்கொள்ளுகின்றது.

நிலைமை இப்படியிருக்க, "காசிமேட்டில் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும்" என்று சொல்லுவது எவ்வளவு பெரிய பொய்! பல் முளைக்காத குட்டிக்கு வஞ்சிரம் இருந்தென்ன, வவ்வால் இருந்தென்ன? வளர்ந்த பூனையானாலும், மீன் இருக்கின்ற இடத்தில் அதற்கு முன்பே இடம் பிடித்த கடுவன்களும் நாய்களும் இருக்கும். புதிதாய் வந்ததை அவைகள் மாலை போட்டு வரவேற்கப் போவதில்லை.

பூனை தன் குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று நமது பெண்கள் சொல்லுவது வழக்கம். அதற்கும் ஏதோ சாஸ்திரம் இருப்பதாக நினைக்கின்றார்கள். சாஸ்திரம் ஒன்றுமில்லை. ஆள் நடமாட்டம் அதிகமானாலும், இடம் அசுத்தமானாலும், வேறு கடுவன் மோப்பம் பிடித்து வந்தாலும் தாய்ப்பூனை குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வேறு இடம் பார்க்கும். அதாவது, தன் குட்டிக்கு இந்த இடம் தகுமா தகாதா என்று ஆராய்ந்து பார்க்கின்றது. பள்ளிக்கூடம் போகாத பூனைக்குள்ள இந்த விசாரணை, கோணிப்பையைத் தூக்கிக்கொண்டு இருட்டில் போகின்ற மனிதனுக்கு இல்லை என்றால் யாருக்கு வெட்கம்?

சகுனமும் நிறமும்

சரி, குட்டிகளைத் தெருவில் விடாமல் யாருக்காவது கொடுக்கலாம் என்று சிலர் முன்வருகின்றார்கள். அங்கேயும் மூடநம்பிக்கை முன்னால் வந்து நிற்கின்றது. நாலு குட்டியில் வெள்ளைக் குட்டியை உடனே கேட்பார்கள். கறுப்பைத் தொடமாட்டார்கள். கறுப்புப் பூனை குறுக்கே போனால் காரியம் கெடுமாம். இங்கிலாந்தில் பல இடங்களில் அதே கறுப்புப் பூனை குறுக்கே போனால் அதிர்ஷ்டம் என்று சந்தோஷப்படுகின்றார்கள். அப்படியானால் பேசின் பிரிட்ஜில் கெடுதி செய்கின்ற பூனை கப்பலேறிப் போய் லண்டனில் இறங்கியதும் நன்மை செய்ய ஆரம்பித்துவிடுமா? கெடுதி பூனையின் நிறத்தில் இருந்தால் அது எல்லா நாட்டிலும் கெடுதியாகத்தானே இருக்க வேண்டும்?

நிறம் என்பது உடலின் விஷயம். கறுப்பு, செம்மை, வெள்ளை ஆகிய மூன்றும் கலந்த குட்டி அநேகமாய் எப்போதும் பெட்டையாகவே இருக்கும். ஜப்பானில் இந்த மூவர்ணப் பூனையை அதிர்ஷ்டம் என்பார்கள். காரணம் அதிர்ஷ்டமல்ல. செம்மை நிறத்துக்கான மரபணு, எக்ஸ் என்னும் குரோமோசோமில் இருக்கின்றது. பெட்டைக்கு அந்தக் குரோமோசோம் இரண்டு, கடுவனுக்கு ஒன்று. ஆகவே செம்மையும் கறுப்பும் ஒன்றாய்த் தோன்ற இரண்டு வேண்டும். அந்த மரபணு எது என்பதையும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உள்ள இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் கண்டுபிடித்து 2025-ல் வெளியிட்டுவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் நிறத்தைப் பார்த்துச் சகுனம் சொல்லுகிறவரை என்னவென்று சொல்லுவது?

நிறத்துக்கு அடுத்தபடி "பெட்டைக்குட்டி வேண்டாம், கடுவன் இருந்தால் கொடுங்கள்" என்பார்கள். மனிதரில் பெண் குழந்தையைப் பாரம் என்று சொல்லிப் பழகிய வாய்க்குப் பூனையிடத்தில் மாத்திரம் நியாயம் எப்படி வரும்?

பூனையைத் தெய்வமாக்கினாலாவது அது பிழைக்குமா என்றால், அதுவும் இல்லை. பழைய எகிப்து நாட்டில் பூனையைத் தெய்வத்தின் உருவமாகக் கும்பிட்டார்கள். பக்தர்கள் காணிக்கை செலுத்துவதற்காகவே குட்டிகளை வளர்த்து, இளம் வயதில் கழுத்தைத் திருகிக் கொன்று, துணி சுற்றிப் பதப்படுத்தி விற்றார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் பல பூனைகளின் கழுத்து முறிந்திருந்தது தெரிய வந்தது. 1890-ல் அப்படிப் புதைத்திருந்த சுமார் 1,80,000 பூனைகளைத் தோண்டி எடுத்து, இங்கிலாந்தில் லிவர்பூலுக்குக் கப்பலில் கொண்டுபோய் வயலுக்கு எருவாக விற்றார்கள். கும்பிட்டதன் பலன் இதுதான். பூனைக்கு வேண்டியது சோறும் தண்ணீரும் படுக்க ஓர் இடமுமே ஒழிய, கற்பூரமல்ல.

துறைமுகத்துப் பூனை

2020-ம் வருஷத் துவக்கத்தில் சென்னைத் துறைமுகத்தில் நடந்த ஒரு சம்பவம் பலருக்கு ஞாபகமிருக்கும். சீனாவிலிருந்து பொம்மைகள் ஏற்றி வந்த ஒரு கண்டெய்னருக்குள் ஒரு பூனை உயிரோடு இருந்தது. கொரோனா பயம் பரவிய சமயம். பூனையைத் திரும்பச் சீனாவுக்கே அனுப்பிவிட வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பீட்டா முதலிய சங்கத்தார் கூடாது என்று மறுத்தார்கள். வழியில் வேறு துறைமுகத்தில்கூட அது ஏறியிருக்கலாமே என்று கேட்டார்கள். சுமார் மூன்று மாதம் காவலில் இருந்த பிறகு பூனை விடுதலையாயிற்று. அதற்கு வீடும் தேடப்பட்டது.

தனியாக வைத்துக் கவனித்தது தப்பென்று நாம் சொல்லவில்லை. வெளிநாட்டு மிருகத்தைக் கொஞ்ச காலம் பிரித்து வைத்துப் பார்ப்பது அறிவுள்ள ஏற்பாடே. பயத்தினால் துரத்துவது வேறு, பரிசோதித்து முடிவு செய்வது வேறு என்பதைத்தான் இங்கு பார்க்க வேண்டும். மற்றொன்றும் பார்க்க வேண்டும். சீனாப் பூனை ஒன்றுக்காகப் பத்திரிகைகள் எழுதின, கடிதங்கள் பறந்தன. அதே துறைமுகத்தின் மதிலோரம் கோணிப்பையில் வந்து இறங்குகின்ற ராயபுரத்துக் குட்டிக்கும் திருவொற்றியூர்க் குட்டிக்கும் கடிதம் எழுத யார் இருக்கின்றார்கள்? அதை நாமேதான் செய்தாக வேண்டும்.

நல்ல வீடு என்றால் எது?

நமது நாட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நட்சத்திரம் பார்ப்பார்கள். குடிப்பானா, அடிப்பானா என்று மாத்திரம் விசாரிக்கமாட்டார்கள். குட்டி கொடுக்கின்றதிலும் அதே லட்சணம்தான். "யாரோ கேட்டார்கள், கொடுத்துவிட்டேன், புண்ணியம்" என்பதோடு முடித்துவிடுகின்றார்கள். தானம் கொடுப்பவனுக்கு வாங்குபவனைப் பற்றிக் கவலையில்லை. தன் புண்ணியம் சேர்ந்தால் போதும். நாம் சொல்லுவது தானமல்ல, பொறுப்பு.

குட்டி கேட்டு வருகின்றவரிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. வாடகை வீடானால் வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? வீட்டில் உள்ள எல்லோருக்கும் சம்மதமா, அல்லது குழந்தை அழுததற்காக மாத்திரம் கேட்கின்றீர்களா? மாடி வீடானால் ஜன்னலுக்கு வலை உண்டா? ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? வளர்ந்ததும் ஆபரேஷன் செய்விப்பீர்களா? பிடிக்காமல் போனால் எங்களிடமே திருப்பித் தருவீர்களா, தெருவில் விடுவீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு முகம் சுளிக்கின்றவருக்குக் குட்டி கொடுக்கக் கூடாது.

வடசென்னையில் கிடங்குக்காரர்கள் எலி பிடிக்கப் பூனை கேட்பதுண்டு. அவர்களிடம் அதிகமாய் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எலிப் பாஷாணம் வைக்கின்றீர்களா? வைப்பார்களானால், விஷம் தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும். பட்டினி போட்டால்தான் எலி பிடிக்கும் என்பதும் தப்பு. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும்.

கொடுத்த பிறகு பத்து நாள் கழித்து ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். முடிந்தால் இரண்டு குட்டிகளைச் சேர்த்தே கொடுப்பது நல்லது. ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். பசும்பாலை ஊற்றிக் கொடுத்தால் போதும் என்று அனுப்பக் கூடாது. பல குட்டிகளுக்குப் பசும்பால் ஜீரணமாகாமல் வயிற்றுப்போக்கு உண்டாகும். வேகவைத்து முள் நீக்கிய மீனும் சுத்தமான தண்ணீரும் கொடுக்கலாம்.

நோய்ப் பயம் ஒன்று உண்டு. மருமகள் முழுகாமல் இருக்கின்றாள் என்றதும் பூனையை விரட்டுகின்ற வீடுகள் அநேகம். பூனையின் மலத்தின் மூலம் கர்ப்பிணிக்கு ஒரு தொற்று வரக்கூடும் என்பது வாஸ்தவம். அதற்கு மருந்து, மலத்தை வேறொருவர் தினமும் அப்புறப்படுத்துவதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், சரியாக வேகாத மாமிசத்தைத் தின்னாமல் இருப்பதுமே. பூனையால் சிலருக்கு இழுப்பு அதிகமாவதும் உண்டு. அப்படிப்பட்டவர் வீட்டுக்குக் குட்டி கொடுக்காதிருப்பதே சரி. வெறிநோய் பூனைக்கும் வரும். ஆகவே மூன்று மாதத்தில் தடுப்பூசி போட வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ கால் மணி நேரம் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மந்திரிக்கின்றவனிடம் ஓடினால் பூனையும் போகும், ஆளும் போவான்.

தாயை விட்டுவிட்டுக் குட்டியைக் கவனிப்பது

இவ்வளவு செய்தாலும் ஒரு காரியம் செய்யாவிட்டால் எல்லாம் வீண். பெட்டைப் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகக் கூடியது. சினைக்காலம் சுமார் ஒன்பது வாரம். வருஷத்தில் இரண்டு, மூன்று ஈற்று. ஈற்றுக்கு மூன்று, நாலு குட்டி. இந்த வருஷம் நாலு குட்டிக்கு வீடு தேடி அலுத்தவர் அடுத்த வருஷம் பத்துக் குட்டிக்கு எங்கே போவார்? மறுபடியும் கோணிப்பைதான். ஆகவே குட்டிகளுக்கு வீடு தேடுகின்ற வேலை தாய்க்குக் கர்ப்பத்தடை ஆபரேஷன் செய்வதில் ஆரம்பிக்க வேண்டும்.

"இயற்கைக்கு விரோதமாயிற்றே" என்று சில சாதுக்கள் சொல்லுவார்கள். கோணிப்பை இயற்கையா? லாரிச் சக்கரம் இயற்கையா?

இதற்குப் பேசின் பிரிட்ஜே சாட்சி. சென்ட்ரலுக்குப் போகின்ற வண்டிகள் நின்று மூச்சு வாங்கும் இடம் என்றுதான் வெளியூரார் அதை அறிவார்கள். சென்னைக்காரருக்கு அது கார்ப்பரேஷன்காரர் நாய்களைப் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற இடம். வருஷக்கணக்காய்க் கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. கேப்டன் சுந்தரம் 1959-ல் ஆரம்பித்த புளூ கிராஸ் சங்கத்தார், கொல்லுவதை விட்டு ஆபரேஷன் செய்யுங்கள் என்று 1964 முதல் சொல்லி வந்தார்கள். 1996-ல்தான் கார்ப்பரேஷனார் அந்த வழிக்கு வந்தார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, ஒரு சுலபமான நியாயம் மண்டையில் ஏறுவதற்கு!

அது நாய்க்கு ஏற்பட்ட வழி. வீட்டுப் பூனையைத் தூக்கிக்கொண்டு போவது வீட்டாரின் கடமை. பேசின் பிரிட்ஜிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேப்பேரியில், 1903-ல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. திருப்பதிக்கு ரயிலேறப் பணம் இருக்கின்றவருக்கு வேப்பேரிக்கு ஆட்டோவில் போகப் பணம் இல்லை என்றால் நாம் நம்பமாட்டோம்.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. மிருகத்தைப் பட்டினிக்கு ஆளாகும்படி கைவிடுவது 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் எழுதி வைத்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை! இது பயந்து நடக்கின்ற காரியமல்ல, அறிந்து நடக்க வேண்டிய காரியம்.

1976-ல் இந்திய அரசியல் சட்டத்தில் குடிமக்களின் கடமைகளைச் சேர்த்தார்கள். அதில் உயிர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பது ஒரு கடமை. அதற்கு அடுத்த வரியிலேயே அறிவியல் மனப்பான்மையை வளர்க்க வேண்டும் என்பது மற்றொரு கடமை. இரண்டையும் ஒன்றாய்க் கொண்டால்தான் குட்டி பிழைக்கும். அறிவில்லாத இரக்கம் குட்டியைக் காசிமேட்டில் கொண்டுபோய் விடுகின்றது. இரக்கமில்லாத அறிவு பேசின் பிரிட்ஜில் மின்சாரத்தைப் பாய்ச்சிற்று.

ஆகவே தோழர்களே! உங்கள் பரணில் இன்று குட்டிகள் இருக்குமானால், எட்டு வாரம் வரை தாயோடு இருக்கட்டும். அதற்குள் கேள்வி கேட்டு வீடு பாருங்கள். கறுப்பையும் பெட்டையையும் முதலில் சிபாரிசு செய்யுங்கள். குட்டிகள் பால் மறந்ததும் தாயை வேப்பேரிக்குக் கொண்டு போங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கோணிப்பையை எடுத்தால் தடுத்துக் கேளுங்கள். புண்ணியம் ஒன்றும் கிடைக்காது. நாலு குட்டி உயிரோடு இருக்கும், அது போதும்.