மீனும் பார்மலினும்: சோதனை யாருடைய கூடையில்?



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விலக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில் அன்று மீன்குழம்பு கொதிப்பது வழக்கம். கடலோரப் பங்குகளிலோ பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமே மீனிலிருந்துதான் வருகிறது. ஆகவே மீனில் நஞ்சு கலந்திருக்கிறது என்ற செய்தி வந்தால் நம்மில் சிலர் அதை வாங்குகிறவர்களாகக் கேட்கிறோம், சிலர் விற்கிறவர்களாகக் கேட்கிறோம். 2018-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் அப்படித்தான் கேட்டோம். அன்றைய பரபரப்பு எப்போதோ அடங்கிவிட்டது. ஆனால் அறிவியல் கருவி ஒன்று சந்தைக்குள் வரும்போது அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். கேரளத்தில் அந்த ஆண்டு ஜூன் 9 முதல் 52 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடை. நம் கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து படகுகள் கடலுக்குப் போயிருந்தன. எனவே மீன் இங்கிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் லாரிகளில் மலையைத் தாண்டிப் போயிற்று. தூரம் அதிகம், வெயில் அதிகம், ஐஸ் விலையும் அதிகம். கேரள உணவுப் பாதுகாப்புத் துறை ‘ஆபரேஷன் சாகர் ராணி’ என்ற பெயரில் எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளை நிறுத்திப் பார்த்தது. ஆரியங்காவில் மட்டும் பார்மலின் கலந்ததாக 9,600 கிலோ மீன் பிடிபட்டது. அடுத்த சில வாரங்களில் அசாம் அரசு வெளிமாநில மீனுக்குப் பத்து நாள் தடை விதித்தது. கோவா பதினைந்து நாள் தடை விதித்தது.

பார்மலின் என்பது பார்மால்டிஹைடு என்னும் வாயுவைத் தண்ணீரில் கரைத்த கரைசல். மருத்துவக் கல்லூரிகளில் உடல்களைக் கெடாமல் வைப்பது இதில்தான். உணவில் சேர்க்க நம் நாட்டில் இதற்கு எந்த அனுமதியும் இல்லை. பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வகைப்படுத்தியது. அந்த முடிவு முக்கியமாக மூச்சுவழியே அதை உள்வாங்கும் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வுகளில் எழுந்தது. அதற்காக மீனில் ஊற்றினால் பரவாயில்லை என்று ஆகிவிடாது. அழுகத் தொடங்கிய மீனைப் புதிய மீன் போல் காட்டி விற்பது, நஞ்சைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே மோசடி.

இந்த மோசடியைப் பிடிக்க வந்த கருவி உண்மையிலேயே பாராட்டுக்குரியது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனத்தின் அறிவியலாளர்கள் சிறிய சோதனைப் பெட்டி ஒன்றை உருவாக்கினார்கள். அதிலுள்ள காகிதத் துண்டை மீனின் தோலில் தேய்த்து, அதன்மேல் ஒரு துளி மருந்து விட்டால் சில நிமிடங்களில் நிறம் மாறும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆய்வகமும் வேண்டாம், பட்டமும் வேண்டாம். ஒரு சோதனைக்கு ஆகும் செலவும் மிகச் சொற்பம். முன்பு ஆய்வக மேசையில் மட்டுமே கிடைத்த பதில் இப்போது சந்தையில், லாரியின் பின்புறத்தில், நம் வீட்டுச் சமையலறையிலேயே கிடைக்கிறது.

ஆனால் அந்த நிறம் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்கிறது: பார்மால்டிஹைடு இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று சொல்வதில்லை.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கடல்மீனின் உடலில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் இயற்கையாகவே உண்டு. உப்பு நீரில் உயிர்வாழ அது மீனுக்குத் தேவை. மீன் இறந்தபின் பாக்டீரியாக்கள் அதைச் சிதைத்தால் நமக்குப் பழக்கமான கவிச்சி நாற்றம் வருகிறது. சில இனங்களிலோ மீனின் சொந்த நொதியே அதை உடைத்து பார்மால்டிஹைடு ஆக்கிவிடுகிறது. உறைநிலையில் நாள்கணக்கில் வைத்தால் இது கூடும். நம் கரையில் தும்பிலி என்று ஏலம்போகும் மீனும், மும்பைப் பக்கம் பொம்பில் என்று விற்கும் மீனும் இந்த வகையைச் சேர்ந்தவை. யாரும் ஒரு சொட்டு ஊற்றாமலேயே அவற்றில் இந்தப் பொருள் இருக்கும். பேரிக்காயிலும் காளானிலும்கூட இது இயல்பாக உண்டு. நம் உடலே இதை ஓயாமல் உண்டாக்கிச் செலவழித்துக்கொண்டிருக்கிறது.

கோவாவில் நடந்தது இந்தக் குழப்பத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. 2018 ஜூலை 12 அன்று மட்காவ் மொத்தச் சந்தையில் அதிகாரிகள் லாரிகளைச் சோதித்தார்கள். சந்தையிலேயே செய்த சோதனை பார்மலின் இருப்பதாகக் காட்டியது. அன்றே, ஆய்வகத்தில் பார்த்ததில் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. மக்கள் கொதித்தார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது: அனுமதிக்கப்பட்ட அளவு என்று ஒன்று அப்போது எந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது? எதிலும் இல்லை. பார்மலின் தடைசெய்யப்பட்டது என்று மட்டுமே இருந்தது. கருவி சந்தைக்கு வந்துவிட்டது, அது காட்டும் நிறத்துக்கு என்ன பொருள் என்று சொல்லவேண்டிய சட்டம் இன்னும் வரவில்லை. கோவாவில் மீன்சோறு என்பது நமக்குச் சாம்பார்சோறு போல. அந்த ஊரில் மக்கள் வாரக்கணக்கில் மீனைத் தொடவே தயங்கினார்கள் என்றால் அச்சம் எந்த அளவில் இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

சட்டம் 2019-இல் வந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம், இயற்கையாக உருவாகும் பார்மால்டிஹைடுக்கு இரண்டு வரம்புகளை வகுத்தது. பெரும்பாலான மீன்களுக்குக் கிலோவுக்கு 4 மில்லிகிராம். தானாகவே அதிகம் உண்டாகும் சில கடல்மீன் இனங்களுக்குக் கிலோவுக்கு 100 மில்லிகிராம். அறிவியலைக் கேட்டு எழுதிய விதி என்றுதான் இதைச் சொல்லவேண்டும். ஆனால் இருபத்தைந்து மடங்கு வேறுபாடு மீனின் இனத்தைப் பொறுத்தே இருப்பதால், இது என்ன மீன் என்பதே இப்போது சட்டப் பிரச்சினை. முழு மீனை நம் தாய்மார்கள் கண்ணாலேயே சொல்லிவிடுவார்கள். துண்டு போட்டு, தோலுரித்து, உறையவைத்துப் பொட்டலமிட்டபின் யார் சொல்வது? அதற்கு மரபணுவின் குறிப்பிட்ட ஒரு பகுதியைப் படித்து இனத்தை அறியும் முறை இருக்கிறது. அந்த வசதி பெரிய ஆய்வகங்களில்தான் உண்டு. மீன் சந்தையில் இருப்பதோ இன்னமும் காகிதத் துண்டுதான்.

கால அளவுகளையும் சற்று அருகருகே வைத்துப் பார்ப்போம். காகிதத் துண்டுக்குச் சில நிமிடங்கள் போதும். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அலுவலர் எடுக்கும் மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படும். பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தரவேண்டும். ஒரு பங்கைத் தரச்சான்று பெற்ற வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பும்படி விற்பவரும் கேட்கலாம். அறிக்கையை எதிர்த்து மேல்முறையீடும் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கூடையிலுள்ள சாளை மீன் பதினான்கு நாள் காத்திருக்குமா? பதினான்கு மணி நேரம்கூடத் தாங்காது. அறிக்கை நல்லபடியாக வந்தாலும் மீன் போனது போனதுதான்.

இதே சட்டத்தைப் பெரிய நிறுவனம் ஒன்று எதிர்கொண்ட கதை நமக்குத் தெரியும். 2015 ஜூன் 5 அன்று மேகி நூடுல்ஸ் வகைகளுக்கு ஆணையம் தடை விதித்தது. நெஸ்லே நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றம் சென்றது. நிறுவனத்தின் பக்கத்தைக் கேட்காமல் தடை விதிக்கப்பட்டது, சோதித்த ஆய்வகங்கள் உரிய அங்கீகாரம் பெற்றவை அல்ல என்று சொல்லி நீதிமன்றம் ஆகஸ்ட் 13 அன்று அந்த ஆணையை நீக்கியது. மூன்று ஆய்வகங்களில் மறுசோதனை நடந்தது, நவம்பரில் மேகி மறுபடி கடைக்கு வந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த ஆய்வகம், அதற்கு என்ன தகுதி என்று கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. பேருந்து நிலையத்தில் கூடையை இறக்கிவைத்து விற்கும் அக்காவுக்கும் அந்த உரிமை தாளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வழக்கறிஞர் வேண்டும், மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கப் பணம் வேண்டும்.

சட்டத்தில் இன்னொரு விந்தையும் உண்டு. அதன் 18-ஆம் பிரிவு, மீனவர் தம் தொழிலில் பிடிக்கும் மீனுக்கு இச்சட்டம் பொருந்தாது என்கிறது. கடலுக்குப் போகும் கணவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அதே மீனை ஏலத்தில் எடுத்துத் தலையில் சுமந்து விற்கும் மனைவியோ உணவு வணிகர் ஆகிவிடுகிறார். இடையில் நிற்பவர் யார்? மொத்தமாக வாங்கி, லாரியில் ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்து இறக்குகிறவர். பார்மலினுக்குத் தேவை அவருக்குத்தான் வரும். காலையில் கரையேறிய மீனை மதியத்துக்குள் விற்றுத் தீர்க்கிறவருக்கு அதை வாங்கிக் கலக்க எந்தக் காரணமும் இல்லை. ஆனால் 2018-இல் அச்சம் பரவியபோது வாங்குகிறவர்கள் லாரி மீன், கரை மீன் என்று பிரித்துப் பார்க்கவில்லை. மீனே வேண்டாம் என்று ஒதுங்கினார்கள்.

எனவே சோதனை எங்கே நடக்கிறது என்பதை நாம் கூர்ந்து பார்க்கவேண்டும். லாரி புறப்படும் இடத்திலும் இறங்கும் மொத்தச் சந்தையிலும் ஒரு துண்டுக் காகிதம் செய்யும் வேலையை நூறு கூடைகளில் நூறு காகிதங்கள் செய்துவிடாது. கேரளம் அன்று எல்லையில் லாரிகளை நிறுத்தியது அந்த வகையில் சரியான செயலே. 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது அதே நடவடிக்கையில் ஒரு லட்சம் கிலோவுக்கும் அதிகமான மீன் பிடிபட்டது. அதில் பெரும்பகுதி பழைய, அழுகிய மீன்.

அழுகலைத் தடுப்பது எது? ஐஸ்தான். நம் வெப்பத்தில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது மீன்வளத் துறையினர் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு. எத்தனை இறங்குதளங்களில் அவ்வளவு ஐஸ் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கிறது? பார்மலினைக் கண்டுபிடிக்கும் கருவிக்குக் கிடைத்த விளம்பரத்தில் பாதியாவது பார்மலினைத் தேவையற்றதாக்கும் ஐஸ் கிடங்குக்குக் கிடைத்திருக்கலாம்.

வீட்டுக்கும் சில வார்த்தைகள். ஈ மொய்க்காவிட்டால் பார்மலின் என்பார்கள். ஐஸில் நன்றாக வைத்த மீனிலும் ஈ மொய்ப்பது குறைவுதான், ஆகவே அதை நம்பி ஒருவரைக் குற்றம் சாட்டவேண்டாம். செவுள் சிவந்து, கண் குழியாமல், விரலால் அழுத்தினால் சதை மீண்டு வரும் மீன் நல்ல மீன். சதை விறைத்துக் கண் குழிந்திருந்தால் தவிர்க்கலாம். பார்மால்டிஹைடு தண்ணீரில் கரையும் என்பதால் ஓடும் நீரில் கழுவி நன்றாகக் கொதிக்கவைத்தால் ஓரளவு குறையும், முழுவதும் போகாது.

நம் மாவட்டத்தின் மொத்த மீன் சந்தையில் லாரிகள் கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டன, எந்த ஆய்வகம் அறிக்கை தந்தது, இறங்குதளத்தில் ஐஸுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்க நமக்கு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் கிராம சபை 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மீன் விற்கும் தாய்மார்களுக்கு அது வியாபார நேரம். அவர்கள் வர இயலாத கூட்டத்தில் வாங்குகிற நம்மில் எவரேனும் அந்தக் கேள்வியை எழுதிக் கொடுக்கலாம்.