கடன் தீர்ந்தது, கணக்கு தீரவில்லை

பதினைந்து, இருபது வருடங்கள் மாதந்தோறும் வங்கிக்குப் போன பணம் ஒரு நாள் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மும்பை செம்பூர் திலக் நகரில் அந்தப் பணத்துக்குச் செலவு தேட வேண்டியதில்லை. புது ஏ.சி., சமையலறைக்கு புது அலமாரி, கூரையில் சோலார் என்று பட்டியல் தயாராகவே இருக்கும். ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

காரணம், அங்குள்ள கட்டடங்கள். மகாராஷ்டிர வீட்டுவசதி வாரியம் குறைந்த, நடுத்தர வருவாய்க்காரர்களுக்காக உருவாக்கிய காலனி திலக் நகர். பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. இடிபடப்போகும் சுவரில் போட்ட பணம் சுவரோடு போய்விடும். கழற்றி எடுத்துப் போகக்கூடிய பொருளில் போட்டது வாடகை வீட்டுக்கும் கூடவே வரும்.

செலவுக்கு முன் காகிதம். கடன் முடிந்தால் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி, ஹவுசிங் சொசைட்டி பதிவேட்டில் உள்ள வங்கியின் அடமானக் குறிப்பையும் நீக்கச் சொல்ல வேண்டும். மறுகட்டுமான ஒப்பந்தம் வரும்போது இந்தக் குறிப்பு குறுக்கே நிற்கும். வட்டிக்குக் கிடைத்த வரிச் சலுகையும் கடனோடு முடிந்துவிடுவதால், பழைய வருமான வரி முறையில் நீடிப்பது லாபமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

அடுத்தது சேமிப்பு. முதல் ஆறு மாதத் தவணைத் தொகையைத் தொடாமல் வங்கி டெபாசிட்டில் போட்டுவிடலாம். கட்டடம் இடிபட்டால் புது வீடு கைக்கு வரச் சில வருடங்கள் ஆகும். பில்டர் தரும் வாடகைப் பணம் தாமதமானால் குடும்பத்தைத் தாங்குவது இந்தத் தொகைதான். மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியமும் இந்தக் கட்டத்திலேயே ஒதுக்கப்பட வேண்டியது.

இதற்குப் பிறகே மின்சாரம். மகாராஷ்டிரத்தில் வீட்டு மின்கட்டணம் 100, 300, 500 யூனிட் என்று படிப்படியாக ஏறுகிறது. குறைக்கிற ஒவ்வொரு யூனிட்டும் மேல்படியில் உள்ள விலை கூடிய யூனிட். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். தினமும் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் வருடத்துக்கு ஏறக்குறைய 245 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 2,000 ரூபாய். ஃபேன் விலை 3,000 ரூபாய் என்றால் ஒன்றரை வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும். வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம்.

பழைய ஃப்ரிஜ் அடுத்த குறி. அது இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுவது. புதிது வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ணாமல், லேபிளில் அச்சிட்டிருக்கும் வருடாந்திர யூனிட்டைப் பார்க்க வேண்டும். நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், பல வருடங்களுக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. ஏ.சி. வாங்குபவர்கள் முதலில் எலக்ட்ரீஷியனை அழைத்து வயரிங்கையும் எர்த்தையும் சோதிப்பது அவசியம். சுவருக்குள் இருக்கும் பழைய வயர் அந்தச் சுமையைத் தாங்காமல் போகலாம்.

கடைசியில்தான் சோலார். தனி வீட்டுக்காரருக்கு 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. திலக் நகரிலோ கூரை ஒருவருக்குச் சொந்தமல்ல, சொசைட்டிக்குச் சொந்தம். சொசைட்டிகளின் பொது உபயோகத்துக்கு அத்திட்டம் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வகுத்தது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்குகளின் பில் குறைந்தால் எல்லோருடைய மெயின்டனன்ஸ் தொகையும் குறைய வழி உண்டு.

ஆகவே சோலார் கம்பெனிக்கு போன் செய்வதற்கு முன், சொசைட்டியின் பொதுக்குழுவில் ஒரு கேள்வி கேட்கப்பட வேண்டும்: அடுத்த ஐந்தாறு வருடங்களில் கட்டடத்தை இடித்துக் கட்டும் யோசனை உண்டா? உண்டு என்றால் ஃபேனும் ஃப்ரிஜும் போதும், மீதி டெபாசிட்டில் இருக்கட்டும். இல்லை என்றால் சோலாருக்குத் தீர்மானம் போடலாம்.