அறைக்கு ஏற்ற வண்ணம்



கிறிஸ்து பிறப்புத் திருநாள் நெருங்குகிறது. இல்லங்களுக்கு வண்ணம் பூசும் காலம் இது. சென்ற வாரம் நம் பங்கிலுள்ள ஓர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். வடக்கு நோக்கிய சிறு அறைக்கு இளநீலம் பூசவேண்டுமென்று மகன் கூறினார்; வெளிர்மஞ்சளே வேண்டுமென்று அன்னையார் வற்புறுத்தினார். "சுவாமி, நீங்களே சொல்லுங்கள்" என்று வழக்கை நம்மிடம் ஒப்படைத்தனர்.

நீலம், பச்சை முதலியவற்றைக் குளிர்ந்த வண்ணங்கள் என்றும், சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் முதலியவற்றை வெம்மையான வண்ணங்கள் என்றும் வழங்குவர். ஆயினும் இக்குளிர்ச்சியும் வெம்மையும் நம் உள்ளத்தில் எழும் உணர்வுகளே. உட்சுவருக்கு நீலம் பூசுவதால் அறையின் வெப்பம் குறைந்துவிடாது. வெயிலின் கடுமையைத் தணிக்க விரும்புவோர் மேல்தளத்திற்கும் வெளிச்சுவருக்கும் வெள்ளையடிப்பதே பயன் தரும். வெண்மை கதிரொளியின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும்.

அங்ஙனமாயின் உள்ளறைக்கு வண்ணம் தேர்வது எவ்வாறு? முதலில் ஒளியை நோக்கவேண்டும். தமிழகத்தில் வடக்குச் சாளரத்தின் வழியே ஆண்டின் பெரும்பகுதி நேர்வெயில் புகுவதில்லை; வானத்தின் நீலங்கலந்த ஒளியே வருகிறது. அங்கு நீலம் பூசினால் அறை சோர்ந்து தோன்றும். வெளிர்மஞ்சள் அக்குறையை ஈடுசெய்யும். மாலை வெயில் பாயும் மேற்கு அறைக்கோ இளநீலமும் இளம்பச்சையும் கண்ணுக்கு இதமளிக்கும். இரவு விளக்கையும் மறத்தலாகாது. 2700 கெல்வின் என்று குறிக்கப்பட்ட விளக்கு மஞ்சளொளி தரும். 6500 கெல்வின் விளக்கு நீலஞ்சார்ந்த வெள்ளொளி தரும். ஒரே சுவர் இவ்விரண்டிலும் வெவ்வேறாகத் தோன்றும். ஆகவே சுவரில் 2 அடிச் சதுரத்திற்கு இருமுறை பூசி, உலர்ந்தபின் காலையிலும் மாலையிலும் விளக்கொளியிலும் பார்த்து முடிவுசெய்வதே நன்று.

இவற்றை எடுத்துரைத்தபின், "இவ்வறையில் தங்குபவர் யார்?" என வினவினோம். எழுபது கடந்த பாட்டனார் என்றனர். முதுமையில் கண்வில்லை மஞ்சளித்து, நீல ஒளியின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும். முதியோருக்கு வெளிச்சமும் மிகுதியாகத் தேவை. ஒரு வாரம் வாதிட்ட அவ்வீட்டார், அறையில் வாழ்பவரை ஒரு சொல்லும் கேட்டிலர். திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவரை அழைத்தோம்.

"எந்த வண்ணமானாலும் சரி, சுவாமி. இரவில் எழுந்தால் கதவு தெரிந்தால் போதும்" என்றார்.

மகன் தலைகுனிந்தார். சுவருக்கு வெளிர்மஞ்சளும் கதவிற்கு அடர்பழுப்பும் பூசுவதென முடிவாயிற்று.

வண்ண அட்டையை விரிக்குமுன், அவ்வறையில் வாழ்பவரை அழைத்து அருகில் அமர்த்துங்கள்.